சுவரில் வந்த சீர்

எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பலகைகள் காலியாக இருந்தன. அவற்றைக் காலியாகவே வைத்திருக்க என் அத்தை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

யாராவது ஞாபக மறதியாக ஒரு தீப்பெட்டியை அங்கே வைத்துவிட்டால் போதும், அத்தை எங்கிருந்தாலும் வந்து எடுத்துவிடுவாள். ஒருநாள் அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் தன் தூக்குவாளியை அங்கே வைத்துவிட்டார். அப்பாவை அதட்டக்கூடிய ஒரே ஆள் அத்தைதான். அவருக்கு மூத்தவள், பெற்றவள் போனபின் தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவள். "அது சீருக்குண்டான பலகை. ஒன் தூக்குவாளி வைக்கவா ஆசாரிய வரச்சொல்லி அடிச்சேன்?" என்றாள். அப்பா மறுபேச்சில்லாமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. நாங்கள் இருந்தது ராஜபாளையத்தில். சித்தப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெண் எடுத்தோம். பெண்ணின் அப்பா கோயில் பக்கம் வளையல் கடை வைத்திருந்தார். பெண்ணுக்குப் பாத்திரம் பண்டம் நிறையத் தருவதாகப் பேச்சு. செப்புத் தவலை, வெண்கல உருளி, இட்லிக் கொப்பரை, இன்னும் என்னென்னவோ. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ஆசாரியை வரவழைத்து, தெருவாசலில் நின்றாலே கண்ணில் படும்படி முன்னறைச் சுவரில் பலகைகளை அடித்து வைத்தாள். எங்கள் தெருவில் புதுப்பெண் வந்தால் பெண்கள் எல்லோரும் சீர் பார்க்க வருவார்கள். பெண்ணைப் பார்ப்பது அதற்கு அடுத்ததுதான்.

கல்யாணம் நெருங்கிவந்த சமயத்தில் அத்தைக்கு ஒரு யோசனை தோன்றியது. மாப்பிள்ளை மில்லுக்குப் போய்வர ஒரு மொபெட் இருந்தால் நன்றாக இருக்குமே என்று. கேட்கவில்லை, யோசனைதான் சொன்னாள். அத்தை சொல்லும் யோசனைகளை யாரும் யோசனையாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்தன்று மொபெட் வந்து நின்றது. கைப்பிடியில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட நான் அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

பாத்திரங்கள் வரவில்லை. ஒரு சின்னக் குத்துவிளக்கு, சில எவர்சில்வர் தட்டுகள், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். "பாத்திரம் பின்னால வந்துரும்மா" என்று சித்தியின் அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார்.

வந்த விளக்கையும் தட்டுகளையும் வைத்திருந்தால் ஒரு பலகையாவது நிறைந்திருக்கும். அத்தை வைக்கவில்லை. அவற்றை அடுக்களை மூலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மூன்று பலகைகளையும் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று காலியாக வைத்துக்கொண்டாள். சீர் பார்க்க வந்தவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தா, நல்லாப் பாத்துக்கோங்க. எம்புட்டு வந்திருக்குன்னு."

வந்தவர்கள் பலகையைப் பார்ப்பார்கள். பிறகு சித்தியைப் பார்ப்பார்கள். சித்தி காப்பித் தம்ளர்களோடு நின்றுகொண்டிருப்பாள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஒன்றுமே இல்லாத பலகையைப் பெரியவர்கள் இவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நானும் போய் நின்று பார்த்தேன். பலகை வழுவழுவென்று இருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

அத்தைக்கும் ஒரு கதை உண்டு. அவள் புருஷன் இறந்ததும், அவள் கொண்டுபோன பாத்திரங்களை எல்லாம் அந்த வீட்டார் வைத்துக்கொண்டு அவளை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். பாத்திரம் இல்லாமல் நிற்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவள்தான் அதைச் செய்தாள். இதைச் சொன்னால் என் தம்பி, "பாவம், விடுக்கா, செத்துப்போனவுக" என்கிறான். நான் விடுவதாக இல்லை.

ஆனி மாதம் பாதியில் அத்தை தீர்ப்புச் சொன்னாள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். "ஆடிக்கு அவிய வீட்டுல கூப்பிட வருவாக. தாராளமாப் போகட்டும். ஆடி முடிஞ்சு வரும்போது தவலையோட வரட்டும். இல்லன்னா அங்கனயே இருந்துக்கிடட்டும்."

சித்தப்பா அப்போது மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தார். சித்தி அடுக்களையில் இருந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அத்தை அதைத் தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் அத்தை தெருப் பெண்களோடு அய்யனார் கோவிலுக்குப் போனாள். காலையில் கிளம்பினால் அருவியில் குளித்து, பொங்கல் வைத்து, பொழுது சாயத்தான் வருவார்கள். சித்தி வேலையெல்லாம் முடித்துவிட்டு முன்னறைக்கு வந்து பலகைகளுக்கு முன்னால் நின்றாள். பிறகு அடுக்களைக்குப் போய் அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும்.

முதலில் ஒரு வளைவு போட்டாள். இடது பக்கம் தொடங்கி, பலகையைத் தொட்டு, வலது பக்கமாக ஏறியது. அப்புறம் கழுத்து, அப்புறம் விளிம்பு. கட்டைவிரலால் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கருப்பாக்கினாள். மறுபக்கம் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான், பலகையின் மேல் ஒரு தவலை உட்கார்ந்திருந்தது. நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சுவர்தான். கையை எடுத்தால் மறுபடியும் தவலை.

முழுசாக வந்த தவலையின் வயிற்றில் ஓரிடத்தை அவள் விரலால் அழித்து, உள்பக்கமாகத் தள்ளிக் கோடு போட்டாள்.

"சித்தி, நசுங்கிப்போச்சே!"

"ஆமா. எந்தம்பி சின்னதுல படியில உருட்டி விட்டுட்டான்."

"நசுங்காம வரையலாம்ல?"

"அப்ப அது வேற யாரு வீட்டுத் தவலையோ" என்றாள்.

உருளி வந்தது. இட்லிக் கொப்பரை வந்தது, மூடியில் கைப்பிடி கழன்று அதற்குப் பதிலாகக் கம்பி கட்டியிருந்ததோடு. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அதற்கு ஒரு கால் வளைந்திருந்தது, அடியில் ஓட்டுத்துண்டு முட்டுக்கொடுத்திருந்தது. அரிவாள்மனை வந்தது. அதைச் சித்தி வரைந்ததைப் பார்த்த பிறகுதான் அரிவாள்மனைக்குக் கழுத்து இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு அது யாரையோ முறைத்துப் பார்த்தது.

அம்மா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒருகணம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, தெருக்கதவச் சாத்தட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாங்க்கா. தொறந்தே கெடக்கட்டும்."

நான் அடுக்களைக்கு ஓடினேன். எங்கள் செம்பை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவரைக்கும் செம்பு என்பது தண்ணீர் குடிப்பதற்கு இருந்த ஒன்று, அதற்குமேல் அதைப்பற்றி எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. இப்போது அதன் கழுத்தில் ஒரு வெளிச்சக் கீற்று வளைந்து கிடந்தது. சித்தி சுண்ணாம்பால் இழுத்த அதே கீற்று. எட்டு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

பொழுது சாய, அத்தை ஈரத்துணிப் பையோடு வந்தாள். கூடப்போன பெண்களும் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிறவள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அம்மாடி, பாகுந்தி! எடுத்து ஒல வைக்கலாம் போல இருக்கே!"

சொன்னபிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மற்றவர்களும் பலகைக்குக் கிட்டே போய்விட்டார்கள். ஒருத்தி இதே மாதிரிக் கொப்பரை தன் வீட்டிலும் இருக்கிறது என்றாள். இன்னொருத்தி அடுப்பின் வளைந்த காலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டு அடுப்புக்கும் அதே கால்தான் வளைந்ததாம். அத்தை பலகைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளும் வந்தார்கள். பார்க்காதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கையை நீட்டிக் காட்ட அத்தைக்கு வேலையில்லாமல் போயிற்று. அவளிடம் மிச்சமிருந்தது ஒரு வசனம்தான்: "கரிய அள்ளிச் சுவத்துல பூசி வச்சிருக்கா. வீடு வெளங்குமா?" அதை யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைக் கூப்பிட்டு அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள்.

சித்தப்பா வெள்ளையடிக்கும் மட்டையை வைத்துக்கொண்டு தவலைக்கு முன்னால் தயங்கினார். சுண்ணாம்பு கரைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சித்திதான். கட்டியில்லாமல் கலக்கியும் கொடுத்தாள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் அடித்தார். அரிவாள்மனையின் தலை மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைக்கடியில் தெரிந்தது. நான் பின்வாசலுக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எல்லாம் திரும்ப வந்திருந்தன. முன்பு சுவர் மங்கலாக இருந்தது. புது வெள்ளையில் கரி இன்னும் எடுப்பாக விழுந்திருந்தது. தவலை முன்னைவிடக் கனத்திருந்தது. உருளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு எண்ணெய்ச் செம்பு, விளிம்பில் எண்ணெய் வழிந்த தடத்தோடு.

அத்தை கரியை ஒளித்து வைத்தாள். அம்மா அத்தைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாள்முதல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள். அவள் இப்போது சோறு பொங்கி இறக்கியதும் விறகைச் சீக்கிரமே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைக்க ஆரம்பித்தாள். விறகு மிச்சமாம். நல்ல நீளமான கரித்துண்டுகள் அடுப்பு வாயிலேயே கிடந்தன.

அடுத்த தடவை அத்தையே மட்டையை எடுத்தாள். சித்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிங்க மதினி. நீங்க அடிக்க அடிக்க எனக்குச் சுவரு நல்லா வருது" என்றாள்.

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுவர் நல்லா வருகிறது என்ற சந்தோஷத்தில் சொன்னமாதிரிதான் இருந்தது. அத்தை மட்டையை வாளியில் போட்ட வேகத்தில் சுண்ணாம்பு அவள் முகத்திலேயே தெறித்தது. அத்தை முகத்தில் சுண்ணாம்பு! எனக்கு வந்த சிரிப்பைப் பாவாடையைக் கடித்து அடக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னார்கள். எல்லோரும் வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னைமரம் என்று போட்டார்கள். ராஜபாளையத்தில் ஜன்னலைத் திறந்தால் மலை, அதை வேறு வரைவானேன்? நான் கால் வளைந்த அடுப்பை வரைந்தேன். டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடி அழகு இருக்கு?" என்றார். "ஒரு காலு வளைஞ்சிருக்கு டீச்சர், ஆனா விழல" என்றேன். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பெஞ்சின் மேல் நின்று பார்த்தபோது தண்ணீர்ப்பானையின் வாய் முழு வட்டமாகத் தெரிந்தது. அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஆடி பிறந்தது. சித்தியின் அப்பா அழைத்துப்போக வந்தார். அத்தை அதற்கு முந்தின நாளே சுவருக்கு வெள்ளையடித்து முடித்திருந்தாள். "தவலை வந்தா வைக்க எடம் சுத்தமா இருக்கட்டும்" என்று அவர் காதுபடச் சொன்னாள். அவர் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். சித்தி கிளம்பும்போது சித்தப்பா வீட்டில் இல்லை. வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருந்தார். சித்தி இனி வருவாளா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேலையப் பாரு" என்றாள். எனக்கு அன்றைக்கு என்ன வேலை இருந்தது?

ஆடிப்பூரத் தேருக்கு அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனாள். சித்தி வீட்டில்தான் தங்கினோம். உள்ளே நுழைந்ததும் நான் நேராக அடுக்களைக்குப் போனேன். கால் வளைந்த மண்ணெண்ணெய் அடுப்பு அங்கே இருந்தது! அடியில் ஓட்டுத்துண்டும் இருந்தது. அரிவாள்மனை அதே மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. போட்டோவில் மட்டும் பார்த்த சொந்தக்காரர்களை நேரில் பார்த்ததுபோல எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் மற்றவையும் இங்கேதான் இருக்க வேண்டும். தேடினேன். உருளி இல்லை. கொப்பரை இல்லை. மூலையில் ஒரு கல்மேடை, அதன் மேல் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. வெகுகாலம் ஏதோ கனமாக உட்கார்ந்திருந்த தடம். அதன்மேல் தடத்துக்குப் பொருந்தாமல் ஒரு பிளாஸ்டிக் குடம் நின்றது.

"தவலை எங்க?" என்று சித்தியின் அம்மாவைக் கேட்டேன்.

"ஒங்க வீட்டுலதான இருக்கு தாயி."

"ஆமா, சுவத்துல இருந்துச்சு. எங்க அத்தை அழிச்சுட்டாக" என்றேன்.

அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை. எனக்கு அவள் சொன்னது புரியவில்லை. நடுவில் அடுப்புக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சித்திக்கு மட்டும் இரண்டும் புரிந்தன. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சுவத்துல இல்ல கண்ணு" என்றாள் சித்தியின் அம்மா. "ஒங்க சித்தப்பா தெனமும் அதுமேல ஏறித்தான மில்லுக்குப் போறாக."

"அம்மா, சும்மா இரு" என்றாள் சித்தி.

சித்தப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு தவலைமேல் ஏறி உட்கார்ந்து மில்லுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. அந்த அடுக்களையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. என் அம்மா அந்தக் கல்மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேர் பார்த்தோம். கோபுரத்தையும் தேரையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. "இதை வரைஞ்சிருக்கியா சித்தி?" என்று கேட்டேன்.

"இதைத்தான் ஊரே வரையுதே. காலண்டர்ல, சாக்குப் பையில, முட்டாய் டப்பாவுல எல்லாத்துலயும் இருக்கு. எங்கம்மா தவலைய நான் வரையலன்னா வேற யாரு வரைவா?"

அன்றைக்குச் சாப்பிடும்போது சித்தியின் அப்பா பேச்சை எடுத்தார். எங்கேயாவது வட்டிக்கு வாங்கி ஒரு தவலையாவது எடுத்துவிடலாம் என்றார். சித்தி சோற்றுக்கையோடு எழுந்துவிட்டாள்.

"ஒரு கரண்டி வாங்கினாலும் நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்ப்பா."

"வெறுங்கையோட போனா உள்ள விடுவாகளாம்மா?"

"வெறுங்கையோட யாரு போறா?"

ஆவணி பிறந்ததும் ஒருநாள் காலையில் சித்தியும் அவள் அப்பாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். சித்தியின் தோளில் ஒரு துணிப்பை, வேறு ஒன்றுமில்லை. தெருமுனையில் பார்த்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். அத்தை வாசல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா மில்லுக்குப் புறப்பட மொபெட்டை வெளியே எடுத்திருந்தார்.

"தவலை எங்கட்டி?" என்றாள் அத்தை.

"கொண்டாந்திருக்கேன் மதினி. வழி விடுங்க."

அவள் சொன்ன தோரணையில் அத்தையின் கை நிலையிலிருந்து தானாக இறங்கியது. சித்தி உள்ளே போனாள். "பாப்பா, அடுக்களையில போயி கரி எடுத்துட்டு வா" என்று என்னிடம் சொன்னாள். நான் ஓடினேன். அம்மா சொளவில் கரித்துண்டுகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தாள், நல்ல நீளமானவையாகப் பொறுக்கி.

பட்டப்பகலில், கதவு திறந்திருக்க, தெருவே வாசலில் நின்று பார்க்க, சித்தி வரைந்தாள். மேல்பலகையில் தவலை. நசுங்கலை இந்தத் தடவை இன்னும் ஆழமாகத் தள்ளினாள். அதற்குக் கீழே உருளி, கொஞ்சம் இடம் விட்டு இட்லிக் கொப்பரை. எல்லாம் நான் பார்த்தவை, ஒவ்வொன்றும் வரவர நான் பேர் சொல்லிக்கொண்டே வந்தேன். உருளிக்கும் கொப்பரைக்கும் நடுவில் விட்ட இடத்தில் அவள் ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொரு வட்டம். தட்டு என்று நினைத்தேன். இரண்டையும் ஒரு கோடு சேர்த்தது. கோட்டின் மேல் சீட்டு வந்தது, கைப்பிடி வந்தது, கைப்பிடியில் சாமந்தி மாலை வந்தது.

"சித்தப்பா வண்டி!" என்று கத்தினேன்.

பாத்திரங்களுக்கு நடுவே, பாத்திரத்தின் அளவிலேயே, பலகைமேல் ஏறி மொபெட் நின்றது. எதிர்வீட்டு அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். யாரோ "அடி ஆத்தி" என்றார்கள்.

சித்தி கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே திரும்பி அத்தையைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினாள். அத்தை எத்தனையோ பேருக்கு நீட்டிக் காட்டிய அதே பலகைகளை.

"நல்லாப் பாத்துக்கோங்க மதினி. எல்லாம் வந்துருச்சா?"

தெருப் பெண்கள் பலகையைப் பார்த்தார்கள். பிறகு அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்தபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஒங்களுக்கெல்லாம் வீட்டுல வேல இல்லையா?" என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னாள். அப்புறம் சித்தியின் அப்பாவிடம், "உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கிறீக" என்றாள். சித்தியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சித்தியும் எதிர்பார்க்கவில்லை. சித்தி நேராக அடுக்களைக்குப் போனாள், அம்மா அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

அந்தச் சுவருக்கு அதற்குப்பிறகு யாரும் வெள்ளையடிக்கவில்லை. பொங்கலுக்கு வீடு முழுக்க அடித்தபோது, "அந்த எடத்தை விட்டுட்டு அடிப்பா" என்று ஆளிடம் சொன்னது அத்தைதான். அப்பா மட்டும் தைரியம் வந்து ஒருநாள் தூக்குவாளியைப் பலகையில் வைத்தார். அத்தை பார்த்தாள். எடுக்கவில்லை.

சித்தப்பா அன்றிலிருந்து எங்கள் தெருவில் மொபெட்டை ஓட்டவே இல்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், அங்கே வைத்துத்தான் ஏறுவார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். தலையைக் குனிந்துகொண்டு, வெயிலில் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு வருவார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்படியே எல்லோரிடமும் சொன்னேன்.

அத்தை ஏன் அடங்கினாள் என்பதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. தவலையை அழித்தாள், உருளியை அழித்தாள், மொபெட்டை மட்டும் ஏன் அழிக்க முடியவில்லை? படத்தை எத்தனையோ தரம் கிட்டே போய்ப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். அந்தச் சக்கரம். எதையும் வைத்துப் போடாமல் வெறுங்கையால் போட்ட வட்டம், ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. அவ்வளவு சரியான வட்டத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்க யாருக்குத்தான் மனசு வரும்? வட்டம் மட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயடைக்க வைத்துவிடலாம் என்று நம்பி, அந்த வருஷம் முழுக்க நான் சிலேட்டில் வட்டம் போட்டுப் பழகினேன்.